மலைத் தேயிலையின் மணம் அறிந்து குடியுங்கள்

காலையில் கண் விழித்ததும் உங்கள் வீட்டில் முதலில் நடக்கும் வேலை என்ன? அடுப்பில் தண்ணீர் ஏறுவதுதானே! கொதிக்கிற தண்ணீரில் தூளை அள்ளிப் போட்டு, கறுக்கும் வரை காய்ச்சி, டின் பாலை ஊற்றிக் கலக்கிக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிறோம். விடியுமுன் பால் வெட்டப் போன காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. பனிக்கும் பசிக்கும் அந்தக் கனத்த தேத்தண்ணி வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், மலையில் விளைந்த நல்ல தேயிலையையும் அதே கையால் அப்படியே காய்ச்சினால், அது பட்டுப் புடவையைச் சவுக்காரம் போட்டுக் கல்லில் அடித்துத் துவைத்த கதைதான்.

நானும் ஒரு காலத்தில் அப்படித் துவைத்தவன்தான். கேமரன் மலையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, தேயிலை ஆலையில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வெள்ளைக் கோப்பையில் பாலில்லாத தேநீரைக் கொடுத்தார். நான் வழக்கம் போல், “பால் டின் இருக்குங்களா ஐயா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “இருக்கு தம்பி. முதல்ல மூக்கால குடிச்சுப் பாருங்க. அப்புறமும் பால் வேணும்னா ஊத்தித் தரேன்” என்றார். அன்று நான் பால் கேட்கவில்லை.

மலைத் தேயிலைக்கு அப்படி என்ன சிறப்பு? குளிர்தான். கேமரன் மலையில் தேயிலை ஏறத்தாழ 1,000 மீட்டரிலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் வளர்கிறது. இரவில் குளிர் 15 பாகை அளவுக்கு இறங்கும். சமவெளியில் மளமளவென்று ஓடி வளரும் கொழுந்து, அங்கே நின்று நிதானமாக வளர்கிறது. அப்படி மெதுவாக வளரும் இளங்கொழுந்தில் மணச்சத்து கூடுகிறது. முரட்டுக் கசப்பு குறைகிறது. இலங்கையில் இதை வைத்தே தேயிலையைப் பிரித்திருக்கிறார்கள். 4,000 அடிக்கு மேல் விளைவது மலைத் தேயிலை. 2,000 அடிக்குக் கீழ் விளைவது தாழ்நிலத் தேயிலை. நுவரெலியாத் தேநீர் வெளிர் நிறத்தில் பூமணத்தோடு இருக்கும். தாழ்நிலத் தேநீரோ கறுத்துக் கனத்திருக்கும். எது உயர்வு என்பதல்ல பேச்சு. இரண்டுக்கும் வேலை வேறு.

நம் நாட்டு மலைகளில் முதல் தேயிலைத் தோட்டமான ‘போ’ 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயரால் தொடங்கப்பட்டது. செங்குத்தான அந்தக் காட்டைத் திருத்திச் செடி நட்டதில் நம் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரிது. இன்று அந்தச் சரிவுகளில் கத்தரியும் இயந்திரமும் பிடிப்பவர்களில் பலர் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. அதை வாட்டி, உருட்டி, காற்றில் பதப்படுத்தி, சூடு காட்டிச் சலித்தெடுக்கிறார்கள். ‘டஸ்ட்’ என்றால் ஆலையின் தரையில் கூட்டிய தூசி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. சல்லடையில் மிக நுண்ணியதாக இறங்கும் ரகத்துக்கு அது பெயர், அவ்வளவுதான். சீக்கிரம் சாறு இறங்கும், நிறம் கொடுக்கும். தே தாரிக் ஆற்றுபவர்களுக்கு அதுதான் ஏற்றது.

சரி, சுவை பார்ப்பது எப்படி? இதைத் தொழிலாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். பழைய ஆங்கிலேயர் காலத்துச் சுவைஞர்கள் தராசின் ஒரு தட்டில் ஆறு பென்ஸ் வெள்ளிக் காசை வைத்து, மறு தட்டில் அதே எடைக்குத் தேயிலையை நிறுத்தார்களாம். அந்தக் காசின் எடை சுமார் 2.8 கிராம். பிறகு 1980இல் அனைத்துலகத் தர அமைப்பு ஒரு முறையை வகுத்தது: 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர் ஊற்றி 6 நிமிடம் மூடி வைக்க வேண்டும். அந்தச் சாறு குடிப்பதற்குச் சற்றுக் கடுமையாகவே இருக்கும். குற்றங்குறை வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி.

நீங்கள் வீட்டில் செய்து பார்க்க இவ்வளவு கணக்கு வேண்டாம். ஒரே மாதிரியான இரண்டு வெள்ளைக் கோப்பைகளை எடுங்கள். ஒன்றில் நீங்கள் வழக்கமாக வாங்கும் தூள். மற்றதில் மலைத் தேயிலை. தலைதட்டிய தேக்கரண்டி ஒன்று போதும். குழாயிலிருந்து புதிதாகப் பிடித்த தண்ணீர், நன்றாகப் பொங்கியதும் ஊற்றி மூடுங்கள். பல முறை கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டாம். தேநீர் சப்பென்று போய்விடும். (கேமரன் மலை உயரத்தில் தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். கீழே நமக்கு முழு 100 பாகை கிடைக்கிறது. மலைத் தேயிலையை நன்றாகச் சாறு இறக்க மலைக்குப் போக வேண்டியதில்லை!) நான்கு நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். இலையைப் பிழியாதீர்கள். பிழிந்தால் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

முதலில் வடிகட்டியில் தங்கிய இலையை முகர்ந்து பாருங்கள். மணம் முழுதும் அங்கேதான் இருக்கும். நல்ல மலைத் தேயிலை புதிய செப்புக் காசு போலப் பளிச்சிடும். பிறகு ஒரு கரண்டி சாற்றைச் ‘சர்ர்’ என்று ஓசையோடு உறிஞ்சுங்கள். பிள்ளைகள் செய்தால் நாம் அதட்டுகிற காரியம். சுவைஞர்களுக்கோ இதற்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். சாறு காற்றோடு கலந்து சிதறி, தொண்டை வழியாக மூக்குக்கு மணம் ஏறுவதற்காகத்தான் அந்த ஓசை. மேல்நாட்டார் மலையில் விளைந்த சிவப்புத் திராட்சை மதுவைச் சுவை பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். அதிலும் துவர்ப்பை எடை போடுவார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்கள். துவர்ப்பும் கசப்பும் மட்டுமே தெரியும். மூக்கை விட்டதும் மணம் ஓடி வரும். நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை என்பது அப்போது புரியும்.

இன்னொன்று. கோப்பையில் மிச்சமிருந்த தேநீர் ஆறியதும் கலங்கி, பால் கலந்தது போல மங்கினால் கெட்டுவிட்டது என்று ஊற்றிவிடாதீர்கள். சாற்றில் சத்து நிறைந்திருப்பதன் அடையாளம் அது. சுவைஞர்கள் அதைக் கண்டால் மகிழ்வார்கள். சூடாக்கினால் தெளிந்துவிடும்.

இனி, எதோடு எதைப் பரிமாறுவது என்று பார்ப்போம். மலைத் தேநீர் உளுந்து வடைக்கும் வாழைப்பழப் பொரியலுக்கும் நல்ல கூட்டாளி. நாக்கில் படியும் எண்ணெயைத் துவர்ப்பு துடைத்துவிடும். அடுத்த வடை முதல் வடை மாதிரியே ருசிக்கும். கேசரி, அதிரசம், லட்டு வைத்தால் தேநீரில் சீனி போடாதீர்கள். பலகாரத்தின் இனிப்பே போதும். தேங்காய்ப்பால் மணக்கும் காயா ரொட்டிக்கும் அது பொருந்தும். ஆனால் காரமான சம்பாலுக்கும் மீன் கறிக்கும் இதைக் கொண்டு வராதீர்கள். சூடும் துவர்ப்பும் சேர்ந்து காரத்தைக் கிளப்பிவிடும். அங்கே தே தாரிக்தான் ராஜா. பாலில் உள்ள புரதம் மிளகாயின் எரிச்சலைத் தணிக்கிறது. ரொட்டி சானாய்க் கடைக்காரருக்கு இந்த விஞ்ஞானத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; அவர் நாக்குக்கே தெரிந்திருக்கிறது. இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போடுவதானால் சாதாரணத் தூளே போதும். மலைத் தேயிலையின் மணம் அதில் முங்கிப் போகும், காசும் வீண்.

பலகாரத்தோடு சேர்க்கலாம் என்றேன். சாப்பாட்டோடு சேர்க்கலாம் என்று சொல்லவில்லை. சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். நாக்கில் துவர்க்கும் அதே சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடம்பில் சேர வேண்டியது சேராமல் வெளியே போய்விடுகிறது. பால் ஊற்றிவிட்டால் இது சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். சோறு உண்ட கையோடு ஒரு கோப்பைத் தேத்தண்ணி என்பது நம் தோட்டங்களில் ஊறிய வழக்கம். சில வீடுகளில் கைப்பிள்ளைக்குக் கூடப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். பிள்ளை அழாமல் இருந்தது. ஆனால் பால் இருக்க வேண்டிய வயிற்றில் தேத்தண்ணி இருந்தது. இரத்தச் சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே கூடாது. பசியாறும்போது தேநீர் இல்லாமல் முடியாது என்கிறவர்கள், பத்து மணி ஓய்வுக்கு அதைத் தள்ளிப் பாருங்கள். வெறும் சடங்காகக் குடித்ததை, அப்போது விரும்பிக் குடிப்பீர்கள்.

வாங்கி வந்த தேயிலையைக் காற்றுப் புகாத டின்னில் போட்டு வையுங்கள். கழுவிக் காய வைத்த பழைய மைலோ டின் போதும். ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். 1,500 மீட்டர் உயரத்தில் பனியில் நனைந்து வளர்ந்த கொழுந்தை வாங்கி வந்து, பெலாச்சானுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் குடி வைத்துவிடாதீர்கள்!