போக்சன் கண்ட வால்மீன்

உடைந்த பீங்கான் தட்டின் துண்டு விருத்தாசலத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் விளிம்பில் இரண்டு புள்ளிகளைக் குறித்தால், அவற்றின் வழியே எத்தனையோ வட்டங்கள் வரையலாம். மூன்றாவது புள்ளியையும் குறித்தால் வட்டம் ஒன்றுதான். முழுத் தட்டின் அளவு தெரிந்துவிடும்.

வால்மீனின் பாதையும் இப்படித்தான். அதை நிர்ணயிக்க ஆறு எண்கள் வேண்டும். ஒரு முறை நோக்கினால் வானில் அதன் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள் கிடைக்கின்றன. ஆகவே குறைந்தது மூன்று முறை நோக்க வேண்டும்.

காணாமற்போன பீலா வால்மீனைத் தேடும்படி 1872-இல் ஜெர்மனியிலிருந்து சென்னை வானாராய்ச்சி நிலையத்திற்குத் தந்தி வந்தது. அங்கிருந்த போக்சன் டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வால்மீனைக் கண்டு, இரண்டு நாட்கள் இடத்தை அளந்தார். பிறகு மேகம் மூடிக்கொண்டது. அவரிடம் திறமைக்குக் குறைவில்லை. ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகும் என்று விண்மீன்களின் பொலிவுக்கு 1856-இல் அளவு வகுத்தவரே அவர். ஆயினும் மூன்றாவது நோக்கல் இல்லாததால் பாதையைக் கணக்கிட முடியவில்லை. அந்த வால்மீன் எது என்பது இன்றும் புதிரே.

நீங்கள் வால்மீனைக் காணும்போது இடம், நேரம், பொலிவு மூன்றையும் குறித்து வையுங்கள். யாருக்கேனும் அதுவே மூன்றாவது புள்ளியாகலாம்.