1987 ஜூலைக்கு முன்னா, பின்னா?

1990இல் இலங்கையிலிருந்து அகதிகளாக மண்டபம் முகாமில் வந்து இறங்கினோம். எங்களை எந்த ஊர் முகாமுக்கு அனுப்புவார்கள், பள்ளியில் என்ன காகிதம் கேட்பார்கள், பின்னால் படகேறிய மாமா கரைசேர்ந்தாரா என்பதெல்லாம் தண்ணீர்க் குழாயடியில்தான் தெரியவரும். இரவில் ரேடியோ வைத்திருந்தவர் வாசலில் கூடி பிபிசி தமிழோசை கேட்போம்.

கல்யாணமாகித் திருநள்ளாற்றுக்கு வந்த பிறகும் முகாம் உறவு விட்டுப்போகவில்லை. சனிக்கிழமை நளன் குளத்தில் முழுகி எழ வருகிற சொந்தக்காரர்களின் பிள்ளைகள் எங்கள் திண்ணையில் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், தாசில்தார் அலுவலகத்தில் வாங்கவேண்டிய சான்று, முகாமில் ஆள் எண்ணும் செக்கிங் நாளில் விடுதியிலிருந்து வரமுடியாவிட்டால் யாரிடம் சொல்வது, எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் போன வருஷம் அதே வரிசையில் நின்ற அக்காமார், அண்ணன்மார். நிரப்பிய படிவத்தையே படம்பிடித்துப் போடுகிறார்கள். அலுவலக அறிவிப்பைவிட அந்தப் படத்தை நான் நம்புவேன். எந்த இடத்தில் பேனா நின்றுபோகும் என்று நிரப்பியவளுக்குத்தானே தெரியும்!

குடியுரிமை விஷயத்தில் மட்டும் அந்தப் படம் போதாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோஷம். செய்தி கைமாறக் கைமாற, ‘இங்கே பிறந்த எல்லாருக்கும் உண்டு’ என்று ஆகிவிட்டது. கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருத்தி அதைக் கொண்டுவந்து காட்டியபோது, அப்படி இல்லையம்மா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்குப் பின் பிறந்தவர் என்றால் தாய், தந்தை இருவரில் ஒருவராவது இந்தியக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுகிவிட்டது. இந்தத் தேதிகளை விட்டுவிட்டு வரும் செய்தி, கடன் வாங்கிக்கொண்டு வக்கீலிடம் ஓட வைக்கும்.

அந்தப் பிள்ளை இப்போது எதை அனுப்பினாலும் எந்தத் தேதி, எந்த அலுவலகம், யாருக்குப் பொருந்தும் என்று மேலே எழுதிவிட்டுத்தான் அனுப்புகிறாள். 2021இல் முகாம்களில் குடும்பத் தலைவருக்கான மாதாந்திர உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்துவதாக அரசு அறிவித்தது. அதே அறிவிப்பில் மாணவர்களுக்கான சலுகைகளும் வந்தன. இப்படிப்பட்ட அறிவிப்புகளையெல்லாம் அரசே எளிய தமிழில், தேதி போட்டு, கேட்டால் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி எண்ணோடு ஒவ்வொரு முகாம் வாசலிலும் ஒட்ட வேண்டும். கல்லூரிச் சேர்க்கை தொடங்குவதற்கு முன்பே ஒட்ட வேண்டும்.