மரியாதை பழக எதிரே ஆள் வேண்டும்

ஜொகூரின் எந்தத் தொடக்கப்பள்ளிக்குப் போனாலும் வாராந்திரச் சபை கூடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். நெகாராகூ, மாநிலப் பண், அதன்பின் வலக்கையை உயர்த்தி ருக்குன் நெகாரா எனும் தேசியக் கோட்பாட்டு உறுதிமொழி. 2014 முதல் பதினோரு ஆண்டுகள் இது ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக இருந்தது. 2025 ஜனவரியில் மாநிலத்தின் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறியதும் திங்கட்கிழமைக்கு வந்துவிட்டது. உறுதிமொழியின் ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையிலும் அது அச்சாகியிருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். ஒப்பித்ததை ஒன்பது வயதுப் பிள்ளை நடைமுறையில் பழகுவதற்குப் பள்ளி என்ன ஏற்பாடு செய்திருக்கிறது?

நாற்காலி மாறிய பாடம்

ருக்குன் நெகாரா பிறந்ததே ஓர் இரத்தக் களரியிலிருந்துதான். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970 ஆகஸ்ட் 31 அன்று அது பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் அந்த எண்ணத்தைப் பள்ளி அட்டவணையில் எங்கே உட்கார வைப்பது என்பதில் கல்வியமைச்சு பலமுறை மனம் மாறியிருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ‘தாத்தா ராக்யாட்’ என்ற குடியியல் பாடம் இருந்தது. 1983இல் கேபிஎஸ்ஆர் பாடத்திட்டத்தோடு நன்னெறிக் கல்வி வந்தது. 2005இல் குடியியலும் குடியுரிமையும் நான்காம் ஆண்டிலிருந்து தனிப் பாடமாயின. 2011இல் தொடங்கிய கேஎஸ்எஸ்ஆர் பாடத்திட்டம் அந்தத் தனிப் பாடத்தைத் தொடரவில்லை.

2019 ஜூனில் குடியியல் கல்வி வேறு வடிவில் திரும்பி வந்தது. இம்முறை தனிப் புத்தகமும் இல்லை, தேர்வும் இல்லை. மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, இஸ்லாமியக் கல்வி ஆகிய பாடங்களுக்குள்ளேயே மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி நடத்தச் சொன்னார்கள். அன்பு, பரஸ்பர மரியாதை, பொறுப்புணர்வு, மகிழ்ச்சி என நான்கு விழுமியங்கள் வகுக்கப்பட்டன.

வகுப்பறையில் நடப்பது

தமிழ்ப்பள்ளியில் நன்னெறிக் கல்வி தமிழில் நடக்கிறது. இறைநம்பிக்கை, நன்மனம், நன்றி நவில்தல், மரியாதை, நீதி, துணிவு, விட்டுக்கொடுத்தல் என்று நீளும் பட்டியலில் மொத்தம் 14 பண்புகள். பாடம் பெரும்பாலும் ஒரு சூழலோடு தொடங்கும். “உன் நண்பன் இன்று உணவு கொண்டு வரவில்லை. நீ என்ன செய்வாய்?” என்று ஆசிரியர் கேட்பார். “பகிர்ந்து சாப்பிடுவேன், டீச்சர்!” என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். விடை சரி. ஓய்வு மணி அடித்ததும் அதே பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையில் முண்டியடிப்பதைப் பார்த்தால், விடை சொன்னது வாய், வரிசையில் நிற்பது கால் என்று தெரியும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்வதில் பயனில்லை. சரியான விடை எது என்பது கேள்வியிலேயே தெரிகிறபோது யோசிக்க அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. “உன்னிடம் ஒரே ஒரு கறிபாப் இருக்கிறது. நேற்று உன்னைக் கேலி செய்தவன் பசியோடு நிற்கிறான்” என்று கேட்டுப் பாருங்கள். ஒரே குரல் உடைந்து நாலு குரலாகும். அந்த வாக்குவாதம்தான் பாடம்.

மதிப்பீட்டிலும் சிக்கல் உண்டு. ஆறு படிநிலைகளில் மேல் நிலைகளை எட்ட, பிள்ளை அந்தப் பண்பைத் தொடர்ந்து நடைமுறையில் காட்ட வேண்டும். வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் வகுப்புக்கு வரும் ஆசிரியர், திடலிலும் கழிவறை வாசலிலும் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறது என்பதை எங்கே பார்ப்பார்?

யாரோடு பழகுவது?

இதைவிடப் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. நன்னெறிக் கல்வி முஸ்லிம் அல்லாத மாணவர்களுக்கானது. முஸ்லிம் மாணவர்கள் அந்நேரத்தில் இஸ்லாமியக் கல்வி பயில்கிறார்கள். ஆக, கலந்து உட்காரும் தேசியப் பள்ளியிலேயே மரியாதையைப் பற்றிப் பேசும் வேளையில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து இரண்டு அறைகளுக்குப் போய்விடுகிறது. தமிழ்ப்பள்ளியில் பிரிய வேண்டிய தேவையே அநேகமாக இல்லை. அங்கே எல்லோரும் நம் பிள்ளைகள். பிற இனத்தாரை மதிக்கும் பாடத்தைப் பிற இனத்தார் இல்லாத அறையில் படிக்கிறார்கள். 2019 ஏற்பாட்டின் பலம் தேசியப் பள்ளியில்தான் தெரிகிறது: மலாய், வரலாறு வகுப்புகளில் யாரும் எழுந்து வெளியே போவதில்லை.

பள்ளிகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைக்கத்தான் ‘ரிமுப்’ எனும் மாணவர் ஒருமைப்பாட்டுத் திட்டம் தேசிய, சீன, தமிழ் என மூன்று வகைப் பள்ளிப் பிள்ளைகளையும் விளையாட்டு, கோத்தோங் ரோயோங் போன்ற நடவடிக்கைகளில் ஒன்றுசேர்க்கிறது. சுபாங் ஜெயா யூஎஸ்ஜே 15இல் துன் சம்பந்தன் தமிழ்ப்பள்ளி, ஒரு தேசியப் பள்ளி, ஒரு சீனப்பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தைப் பகிரும் தொலைநோக்குப் பள்ளி அதன் அடுத்த படி.

பக்கத்தில் நிறுத்தினால் மட்டும் நட்பு வந்துவிடாது. 1954இல் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் அதற்கு நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: சமமான நிலை, பொதுவான இலக்கு, ஒத்துழைத்தால்தான் முடியும் என்ற வேலை, மேலிடத்தின் ஆதரவு. 1971இல் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் புதிதாகச் சேர்ந்து படிக்க வந்து மோதிக்கொண்டபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் இந்த நிபந்தனைகளை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் எவராலும் பாடத்தை முடிக்க முடியாது. ஒரே நிறச் சட்டை, பதாகை, குழுப்படம் என்று ஒரு நாளில் முடியும் கூட்டு நிகழ்ச்சிகளில் இந்தத் தேவை எழுவதில்லை.

பெரியவர்களின் தேர்வு

இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஜொகூர் தன்னை ‘பங்சா ஜொகூர்’ என்ற ஒற்றை அடையாளத்தில் பெருமையோடு அழைத்துக்கொள்ளும் மாநிலம். அதன் மாநிலப் பண்ணுக்கு 1879இல் இசையமைத்தவர் ஓர் ஆர்மேனியர். அதே மாநிலத்தின் மூவாரில் 2017 செப்டம்பரில் ஒரு தானியங்கிச் சலவைக் கடை, முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அறிவிப்பு மாட்டியது. ஜொகூர் சுல்தானும் இப்போதைய மாமன்னருமான சுல்தான் இப்ராஹிம் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். இது தாலிபான் நாடல்ல என்றார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக் கதவை எல்லோருக்கும் திறந்தார். சுல்தான் தலையிட்டுத் தீர்த்தது நல்லது. பக்கத்து வீட்டுக்காரரே “இது சரியில்லை, அண்ணே” என்று சொல்லித் தீர்ந்திருந்தால் அதுதான் குடியியல்.

தமிழ்ப்பள்ளிக்குள்ளேயும் ‘மற்றவர்’ உண்டு. தோலின் நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வாங்கும் பிள்ளை, எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை, சிறப்புக் கல்வி வகுப்புப் பிள்ளை எல்லோரும் நம்மிடையேதான் இருக்கிறார்கள். தலைமையாசிரியரைக் கண்டதும் “வணக்கம் ஐயா” என்று முழங்கும் கூட்டம், தரையைத் துடைக்கும் மாக்சிக்கைத் தாண்டி ஈரத்தில் மிதித்து ஓடுகிறது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர், 1964 கலவரத்தின் நினைவாக 1997 முதல் ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாகப் பள்ளிகளில் கடைப்பிடிக்கிறது. கூடவே தங்கள் வகுப்பறையைப் பிள்ளைகளே நாள்தோறும் சுத்தம் செய்யும் வழக்கத்தையும் 2016இல் எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுசென்றது. துடைப்பத்தைப் பிடித்த கைக்கு மாக்சிக்கின் முதுகுவலி புரியும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

ஜொகூர் பாருவில் பல பெற்றோர் விடியுமுன்பே சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் தாத்தா பாட்டியோடும் பள்ளியோடும்தான் வளர்கிறார்கள். அதனால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கட்டடத்தையும் தேர்ச்சியையும் பற்றிக் கேட்பதோடு இதையும் கேட்கலாம். வகுப்பு விதிகளை எழுதியது ஆசிரியரா, பிள்ளைகளா? சண்டை வந்தால் இரு தரப்பும் பேசிக் கேட்க இடம் உண்டா? பக்கத்துச் சீனப்பள்ளியோடும் தேசியப் பள்ளியோடும் ஆண்டுக்கு ஒரு நாள் விழாவா, பருவம் முழுவதும் நீளும் ஒரு கூட்டு வேலையா? கூட்டுக் காய்கறித் தோட்டமோ கலப்பு அணிக் கால்பந்தோ போதும். பெரிய செலவு எதுவும் இல்லை.

புதிய பாடத்திட்டம் 2027இல் தொடக்கப்பள்ளிக்கு வரவிருக்கிறது. நற்பண்பு உருவாக்கம் அதன் மையம் என்கிறது அமைச்சு. பதினைந்தாவதாக ஒரு பண்பைப் பட்டியலில் சேர்ப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. இருக்கிற பதினான்கையும் தன்னைப் போல் இல்லாத ஒருவரிடம் வாரந்தோறும் பயன்படுத்திப் பார்க்கப் பிள்ளைக்கு வாய்ப்புக் கொடுத்தால் மாறும்.