அந்தக் காபியைக் குடிச்சுடாதீங்க!

பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். இருபது பேர், சில வீடுகளுக்கு அதைவிடப் பெரிய படையே வரும். அத்தனை பேரும் ஆண்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், ஊர்ப் பெரிய மனிதர்கள்... வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்தாகிவிட்டது. ஏலக்காய் மணக்க, சர்க்கரை போடாத காபி வருகிறது. முதல் கிண்ணம், கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வந்திருக்கும் பெரியவர் கையில்.

வாங்கிக்கொள்கிறார். ஆனால் குடிக்கவில்லை. அப்படியே முன்னால் வைத்துவிடுகிறார்.

கூடம் கப்சிப்!

பெரியவர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கள் வீட்டுப் பெண்ணை எங்கள் பையனுக்குக் கேட்டு வந்திருக்கிறோம்" என்று விஷயத்துக்கு வருகிறார். பெண் வீட்டுப் பெரியவர் பதிலுக்கு எழுந்து, "காபியைக் குடியுங்கள். கேட்டு வந்தது கிடைத்தது" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது! எல்லோரும் கைகளை ஏந்தி குர்ஆனின் முதல் அத்தியாயமான 'ஃபாத்திஹா'வை ஓதுவார்கள். காபி உள்ளே இறங்கும். பின்னாலேயே இனிப்புத் தட்டு வரும்.

அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டால்? காபி ஆறும். கூடவே மாப்பிள்ளை வீட்டார் மானமும்!

பயப்படாதீர்கள். பெரும்பாலும் அப்படி நடக்காது. இத்தனை ஆண்களும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே, பையனின் அம்மா நாலு தடவை போய், பெண்ணைப் பார்த்து, பேசி, சம்மதம் வாங்கி வந்திருப்பார். முடிவு செய்வது பெண்கள், அறிவிப்பது ஆண்கள்!

இப்படிக் கேட்டுப் போகும் கூட்டத்துக்கு 'ஜாஹா' என்று பெயர். பாலஸ்தீன மக்களிடையே, முஸ்லிம் வீடு, கிறிஸ்துவ வீடு என்ற வித்தியாசமில்லாமல் இருக்கும் வழக்கம் இது. இங்கே காபி வெறும் பானம் இல்லை. அது கையெழுத்து!

அந்த மண்ணின் கதையைப் பார்த்தால் காரணம் புரியும். 1917 வரை துருக்கியின் ஆட்டமன் ஆட்சி. பிறகு 1948 வரை பிரிட்டிஷார். 1948-ல் இஸ்ரேல் உருவானபோது ஏழு லட்சம் பேருக்கு மேல் வீட்டை இழந்து அகதிகளானார்கள். பூட்டிவிட்டு வந்த வீட்டுச் சாவியை இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. மேற்குக் கரை ஜோர்டான் கைக்கும், காஸா எகிப்து கைக்கும் போயின. 1967 போருக்குப் பிறகு இரண்டுமே இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில். பாலஸ்தீன ஆணையம் என்ற சொந்த நிர்வாகம் வந்தது 1994-ல்தான்; அதற்கும் அரைகுறை அதிகாரம்தான்.

சட்டம் போட்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நம்பிப் போய் நிற்க ஜனங்களுக்கு இருந்ததெல்லாம் ஊர்ப் பெரியவர், குடும்ப மானம், ஒரு கிண்ணம் காபி!

போதும் என்றால் நம்ப மாட்டார்கள்

பாலஸ்தீன வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா? வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலிலேயே "அஹ்லன் வ ஸஹ்லன்" என்ற வரவேற்பு. ஆண்கள் கை குலுக்கலாம். ஆனால் பெண்ணிடம் நீங்களாகக் கையை நீட்டக்கூடாது. அவர் நீட்டினால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலை அசைத்தால் போதும், அதுதான் மரியாதை. உட்கார்ந்த பிறகு கால்மேல் கால் போட்டு, பாதத்தை எதிரே இருப்பவர் முகத்துக்கு நேராகக் காட்டிவிடாதீர்கள். வம்பு!

பழரசம், பழம், பருப்பு வகை, டீ என்று வந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரமென்றால் 'மக்லூபா'. பெயருக்கே 'கவிழ்த்தது' என்றுதான் அர்த்தம். அரிசி, இறைச்சி, கத்திரிக்காய் அல்லது காலிஃபிளவரை அடுக்கி வேகவைத்து, பானையோடு தட்டில் கவிழ்ப்பார்கள். "போதும்" என்று முதல் தடவை சொன்னால் அது கூச்சம் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் தடவை, மரியாதைக்குச் சொல்கிறீர்கள். மூன்றாம் தடவை நிஜமாகவே சொல்லும்போது தட்டு மறுபடி நிறைந்திருக்கும்! தட்டைத் துடைத்து வைத்தால், "இன்னும் பசி போலிருக்கு" என்று இன்னொரு கரண்டி. கொஞ்சம் மிச்சம் வைக்கிறவரே பிழைத்தார்.

கடைசியில்தான் காபி. அது வந்தால், இனி கிளம்பலாம் என்று அர்த்தம். அது வருவதற்கு முன்னால் எழுந்துவிட்டால் வீட்டாருக்கு வருத்தம். எழுந்த பிறகும், "அதுக்குள்ளேயா? இன்னும் நேரமிருக்கே!" என்பார்கள். ராத்திரி பதினோரு மணியானாலும் சரி, நேரமிருக்கும்!

கறுப்புக் காபியைக் கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள், அதிலும் அடியில் கொஞ்சம்தான். "என்னடா, இவ்வளவு கஞ்சத்தனம்!" என்று நினைக்காதீர்கள். கிண்ணம் நிறைய ஊற்றினால்தான் அவமானம். 'குடிச்சுட்டு நடையைக் கட்டு' என்று பொருள். பதூயின் கூடாரங்களில் முதல் கிண்ணம் விருந்தாளிக்கு, இரண்டாவது ரசனைக்கு, மூன்றாவது வாளுக்கு என்று ஒரு கணக்கு உண்டு. மூன்றாவதையும் குடித்தவர், அந்த வீட்டுக்கு ஆபத்து வந்தால் கூட நிற்கவேண்டும் என்பது பழைய ஒப்பந்தம். வேண்டாமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுத்தால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டிலுள்ள பொருளை ரொம்பப் புகழாதீர்கள். "இந்தக் கூஜா பிரமாதம்!" என்றால் அடுத்த நொடியே, "எடுத்துக்குங்க, உங்களுக்குத்தான்" என்பார்கள். மறுக்க வேண்டியது உங்கள் கடமை. குழந்தையைக் கொஞ்சினால் கூடவே "மாஷா அல்லாஹ்" சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும் என்று பாட்டி பதறிப்போவார்.

பிள்ளை பெயரில் அப்பா

பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. மூத்த மகன் பெயரோடு 'அபூ' சேர்த்தால் அப்பா. 'உம்' சேர்த்தால் அம்மா. பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸை ஜனங்கள் 'அபூ மாஸின்' என்பார்கள். மூத்த மகன் பெயர் மாஸின். யாசர் அராஃபத்தோ 'அபூ அம்மார்'. அவருக்கு மகனே கிடையாது. 1995-ல் பிறந்த ஒரே மகள்தான். இயக்கத்தில் வைத்துக்கொண்ட பட்டம் அது.

வேடிக்கை என்னவென்றால், அப்பா தன் பிள்ளையையே 'பாபா' என்று கூப்பிடுவார். அம்மா 'மாமா' என்பார். அங்கே 'மாமா' என்றால் அம்மா! தன்னை அவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அதே சொல்லைப் பாசமாகத் திருப்பிக் கொடுப்பது.

ஒரே காபி, வேறு வார்த்தை

சந்தோஷ வீட்டில் காபி குடித்து முடித்ததும் 'தாயிமே' என்று சொல்லவேண்டும். 'இது என்றும் நிலைக்கட்டும்' என்று அர்த்தம். இதே பழக்கத்தில் சாவு வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டால்...? 'இந்தத் துக்கம் என்றும் நிலைக்கட்டும்' என்றாகிவிடும்! அங்கே கசப்புக் காபியைக் குடித்துவிட்டு, இறந்தவருக்கு இறைவன் கருணை காட்டட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும்.

துக்கம் மூன்று நாள். அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் சமைத்து அனுப்புவார்கள். தெருவில் ஒரு சாவு விழுந்து, அடுத்த வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தால், கல்யாண வீட்டார் துக்க வீட்டுக்குப் போய் அனுமதி கேட்பார்கள். "நடத்துங்கள், எங்கள் பிள்ளையின் கல்யாணம்தானே அது" என்று சொல்லிவிட்டால் நடக்கும், ஆனால் மேளதாளத்தைக் குறைத்துக்கொண்டு. 1987-ல் தொடங்கிய முதல் இன்டிஃபாதா எழுச்சியின்போது, ஊர்கள் பலவற்றில் கல்யாணங்கள் பாட்டு, ஆட்டம் இல்லாமலே நடந்தன.

வெள்ளைக் கொடியில் முடிச்சு

கல்யாணத்தையும் துக்கத்தையும் விடுங்கள். கொலைக்குக்கூட காபிதான் தீர்ப்பு சொல்கிறது!

ஒரு குடும்பத்து ஆள் இன்னொரு குடும்பத்து ஆளைக் கொன்றுவிட்டான். பழிக்குப் பழி என்று கிளம்பினால் இரண்டு குடும்பமும் அழியும். உடனே பெரியவர்கள் ஜாஹாவாகத் திரண்டு, செத்தவன் வீட்டுக்குப் போவார்கள். வீட்டார் கொடுக்கும் காபியைத் தொடமாட்டார்கள். "முதலில் அவகாசம் கொடுங்கள்!" முதல் மூன்று நாளும் சொச்சமும் 'ரத்தம் கொதிக்கும் நேரம்'. அதைக் கடத்திவிட்டால் உயிர்கள் பிழைக்கும். 'அத்வா' என்ற போர்நிறுத்தத் தொகை கைமாறும். பிறகு மாதக்கணக்கில் பேச்சு.

கடைசியில் 'ஸுல்ஹா' நாள். ஊர் கூடும். வெள்ளைக் கொடியில் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டு, பொறுப்பேற்கும் பெரியவர்கள் உறுதி கொடுப்பார்கள். நஷ்டஈட்டுத் தொகையை அறிவிப்பார்கள். அப்போது பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பெரியவர் எழுந்து, "இவ்வளவு இறைவனுக்காக விட்டேன்... இவ்வளவு நபிக்காக விட்டேன்... இவ்வளவு இங்கே வந்திருக்கும் பெரியவர்களுக்காக விட்டேன்" என்று படிப்படியாகக் குறைப்பதும் உண்டு. இரண்டு தரப்பும் கை குலுக்கி, ஒரே காபி குடித்து, உப்பும் ரொட்டியும் பகிர்ந்து சாப்பிட்டால் பகை முடிந்தது.

1988-ல் இஸ்ரேல் நிர்வாகத்தின் கீழ் வேலை பார்த்த பாலஸ்தீனப் போலீஸ்காரர்கள் கூட்டங்கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். போலீஸ் இல்லாத ஊர்களில் சண்டை சச்சரவைத் தீர்த்து வைத்தது இந்த முறைதான்.

காபியில் கரையாத கசப்பு

எல்லாமே பிரமாதம் என்று சொல்லிவிட முடியுமா? ம்ஹூம்!

செய்தவன் ஒருவன், ஆனால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியது அவன் அண்ணன் தம்பி, பெரியப்பா பிள்ளைகள் குடும்பமெல்லாம். பாவம், ஒன்றும் அறியாத குழந்தைகள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்.

ஜாஹாவில் பெண்ணுக்கு நாற்காலி இல்லை. சில குடும்பங்களின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்கும்; பெண்ணின் பெயருக்குப் பதில் 'அவர் மகள்' என்று மட்டும் இருக்கும். குடும்ப மானம் என்று காக்கும் அதே மானத்தின் பெயரில், பெண்கள் கொல்லப்பட்டதும் உண்டு. அப்படிக் கொன்றவர்களுக்குச் சலுகை தந்த சட்டப்பிரிவை 2011-ல் அப்பாஸ் மாற்றினார். பாலியல் பலாத்காரம் செய்தவன் அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டால் தப்பிக்கலாம் என்ற பிரிவு, மேற்குக் கரையில் 2018-ல் ரத்தானது. 2019-ல் கல்யாண வயது 18 ஆனது. நீதிபதி அனுமதித்தால் மட்டும் விலக்கு. இதற்கெல்லாம் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தவர்கள் பாலஸ்தீனப் பெண்கள். வழக்கத்தை மதிப்பவர்கள்தான், அதைத் தட்டிக் கேட்டவர்களும்!

இன்றைக்கு அந்த வழக்கங்களுக்கு வந்திருக்கும் சோதனையோ வேறு மாதிரி. 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து நடத்திய தாக்குதலும், அதைத் தொடர்ந்து காஸாவில் நடந்த போரும் உலகம் அறிந்தவை. காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள். மூன்று நாள் துக்கம் கொண்டாட வீடு இல்லை; துக்கம் கேட்க வருபவர்களுக்கே துக்கம். ஒரே குழியில் பலரை அடக்கம் செய்ய வேண்டி வந்தது.

காபிக்கொட்டை கிடைக்காமல், கிடைத்தாலும் யானை விலை விற்றபோது, காஸா ஜனங்கள் கொண்டைக்கடலையைக் கருக வறுத்து, பொடித்து, அதைக் காபி என்று கொதிக்க வைத்தார்கள்.

காபி போலியாக இருக்கலாம். கூடாரத்துக்கு ஒருவர் வந்தால், "உட்காருங்க, காபி குடிச்சுட்டுப் போங்க" என்று சொன்னார்களே... அது அசல்!