இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லையா?

காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்துக்குள் நுழைந்தால், சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் முதியவர்கள் பலரைக் காணலாம். இறுதிக் காலத்தை இங்கேயே கழிக்க வேண்டும் என்று வந்து குடியேறியவர்கள் அவர்களுள் உண்டு. என் பாட்டியாரும் அப்படி வந்தவரே. புற்றுநோய் முற்றியபோது அவரைத் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சில நாட்களில், "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றார்கள். அவர் வலியால் துடித்த இரவுகளில் நாங்கள் செய்வதறியாது நின்றோம்.

உண்மையில் ஒன்றுமே இல்லையா? நோயைக் குணப்படுத்த வழி இல்லாதிருக்கலாம். ஆனால் துன்பத்தைத் தணிக்கும் வழிகள் பல உண்டு. இதற்கென வளர்ந்த மருத்துவத் துறையே நோய் ஆதரவுச் சிகிச்சை.

வலியும் கடிகாரமும்

செவிலியாகப் பணி தொடங்கிப் பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி வந்தபின் மருந்து தருவதைவிட, வலி தலைதூக்குமுன்பே கடிகாரப்படி தருவது நல்லது என்று அவர் வலியுறுத்தினார்.

இதன் காரணம் எளிது. கதிரியக்கப் பொருள்களைப் போலவே மருந்துகளுக்கும் அரை ஆயுள் உண்டு. இரத்தத்தில் மார்ஃபினின் அரை ஆயுளை 3 மணி நேரம் என்று கொள்வோம். 100 பங்கு மருந்து 4 மணி நேரத்தில் சுமார் 40 பங்காகவும், 8 மணி நேரத்தில் 16 பங்காகவும் குறைந்துவிடும். எனவேதான் சாதாரண மார்ஃபின் மாத்திரையை வழக்கமாக 4 மணிக்கு ஒருமுறை தருகிறார்கள். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டுவார்கள். மலச்சிக்கலுக்கும் உடன் மருந்து தருவார்கள். மருத்துவர் மேற்பார்வையில் வலிக்காக உண்பவர்கள் இதற்கு அடிமையாவது அரிது.

படுக்கைப் புண்: ஓர் அழுத்தக் கணக்கு

படுத்திருப்பவரின் இடுப்பெலும்பின் கீழ், 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 5 கிலோ எடை தங்குவதாகக் கொள்வோம். அங்கே அழுத்தம் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம். தோலின் நுண்குழாய்களில் இரத்த அழுத்தமோ 32 மில்லிமீட்டர் அளவே. ஆகவே குழாய்கள் நசுங்கி, இரத்தம் நின்று, தசை அழுகத் தொடங்குகிறது. சுமார் 2 மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், எடையைப் பரப்பித் தாங்கும் காற்று மெத்தையும் இதைத் தடுக்க உதவும்.

மூச்சும் பாலும்

மூச்சுத் திணறுபவரின் முகத்தில் சிறு மின்விசிறியின் காற்றுப் படுமாறு செய்தால், கன்னத்து நரம்புகள் குளிர்ச்சியை உணர, திணறல் உணர்வு தணிகிறது.

கடைசி நாட்களில் பசியும் தாகமும் தாமே குறையும். நினைவிழந்தவர் வாயில் பாலை ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். உறவினர் மனம் ஆற வேண்டுமானால், துளசி நீரில் நனைத்த துணியால் உதட்டை ஈரமாக்கினாலே போதும்.

சட்டமும் உதவியும்

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினுக்குப் பல உரிமங்களைக் கோரியதால், மருத்துவமனைகள் பல அதை வாங்குவதையே விட்டன. 2014-இல் திருத்தம் செய்து இதை எளிதாக்கினார்கள். மீள வழியில்லாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது; அதன் நடைமுறையை 2023-இல் எளிமையாக்கியது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை அளிக்கும் பணியும் அடங்கும். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

பாட்டியாரின் கட்டிலுக்கு எதிரே ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்து மருந்து கொடுக்கலாம் என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை. "ஒன்றுமில்லை" என்ற சொல்லை இனி எவரேனும் உங்களிடம் சொன்னால், "வலிக்கு என்ன செய்வது?" என்று அங்கேயே கேளுங்கள். அதற்கு அறிவியலிடம் விடை இருக்கிறது.