சுருங்க மறுக்கும் உலகம்

மாட்டர்ஹார்ன் சிகரத்தின் உயரம் 4,478 மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 51 மீட்டர் வரும்; ஏறக்குறைய பதினேழு மாடிக் கட்டடத்தின் உயரம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றுக்குள் இருக்கும் ‘மினியாட்டூர் வுண்டர்லாண்ட்’ அந்தச் சிகரத்தை எழுப்ப முனைந்தபோது, தளத்தை உடைத்து மேல்மாடியையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியும் கிடைத்தது சுமார் 6 மீட்டர்தான். எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்த மலை குட்டையாகத் தோன்றுவதில்லை.

ஃபிரெடெரிக் பிரௌன், கெரிட் பிரௌன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 2001 ஆகஸ்டில் திறந்த மாதிரி ரயில் உலகம் அது. இன்று 16 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான குட்டி மனிதர்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே பொழுது விடிந்து, சாய்ந்து, இருட்டுகிறது. அளவு, ரயில் ஆர்வலர்கள் ‘எச்.ஓ.’ என்று சொல்லும் 1:87. ஆள் உயரம் 2 செ.மீ., தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ.

ரயிலைச் சுருக்குவது எளிது. என்ஜின் வரைபடத்தில் இருக்கும் ஒவ்வோர் அளவையும் 87-ஆல் வகுத்து, தொழிற்சாலையே செய்து பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடும். சிக்கல் தொடங்குவது ரயிலைச் சுற்றியிருக்கும் உலகத்தில்தான். தண்ணீரின் குணம் சுருங்காது. வெளிச்சம் சுருங்காது. புவியீர்ப்பு சுருங்காது. பார்க்கிற கண்ணும் அதே பழைய கண்தான். சுருங்க மறுக்கும் இவற்றோடு ஒவ்வொன்றாக உடன்பாட்டுக்கு வருவதுதான் மலையும் ஆறும் வீடும் அமைக்கும் கலை. ரயில் ஓடுவதைவிட எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

கொஞ்சமும் முரண்டு பிடிக்காத பொருள் ஒன்று உண்டு: பாறை. புவியியலாளர்கள் பாறையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு சுத்தியலையோ நாணயத்தையோ வைப்பது வழக்கம். அது இல்லாவிட்டால், படத்தில் இருப்பது ஒரு சாண் கல்லா, நூறு மீட்டர் செங்குத்துப் பாறையா என்று அவர்களாலேயே சொல்ல முடியாது. விரிசலும் முறிவும் சிறிதிலும் பெரிதிலும் ஒரே சாயலில் அமைகின்றன. பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று 1967-இல் ஒரு கட்டுரையில் கேட்டு, அளக்கும் கோல் சிறிதாகச் சிறிதாக நீளம் கூடிக்கொண்டே போகும் என்று பெனுவா மாண்டல்பிரோ காட்டினாரே, அதே தன்மைதான் இது. மாதிரி ரயில்காரர்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். கைக்கு அடக்கமான கரித்துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் ரப்பர் பால் பூசி, காய்ந்ததும் உரித்தால் அச்சு தயார். அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினால் சிறிது நேரத்தில் சூடேறி இறுகும். பொடி தண்ணீரோடு சேர்ந்து, ஊசி ஊசியான ஜிப்சம் படிகங்களாக மாறும்போது வரும் சூடு அது. எடுத்துப் பார்த்தால், மலைத்தொடர் ஒன்றின் செங்குத்துச் சரிவு உள்ளங்கையில் இருக்கும். இன்னும் வெள்ளையாக இருக்கும் அதன்மேல், தண்ணீராகக் கரைத்த கறுப்பு இங்கைத் தெளித்தால், அது தானாகவே பள்ளங்களில் போய்த் தங்கி ஒவ்வொரு விரிசலுக்கும் நிழல் கொடுத்துவிடும்.

மரம் அப்படி அல்ல. ஒரு குச்சியை ஒடித்து நட்டு மரம் என்று சொன்னால் கண் ஒப்புக்கொள்ளாது. எடை, நீள அகல உயரம் மூன்றின் பெருக்கத்தோடு கூடுகிறது. தாங்கும் வலிமை குறுக்குவெட்டுப் பரப்போடு மட்டுமே கூடுகிறது. அதனால் பெரிய உருவத்துக்குப் பொருத்தம் மீறிப் பருத்த கால்கள் வேண்டும் என்று கலிலியோ 1638-இல் எழுதினார். ஓங்கிய மரத்துக்கு அடி பருத்திருக்கும். ஒடித்த குச்சி அதன் உயரத்துக்கு ஒல்லியாகவே நிற்கும். ஆகவே மரத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். பழைய மின்வயரின் உறையை உரித்து, உள்ளே இருக்கும் செம்பு இழைகளில் ஒரு நாற்பதை எடுத்துக்கொள்கிறார்கள். அடியில் நாற்பதையும் சேர்த்து முறுக்கினால் அடிமரம். கொஞ்சம் மேலே இருபது, பன்னிரண்டு, எட்டு என்று பிரித்து முறுக்கினால் கிளைகள். அவற்றையும் பிரித்துக்கொண்டே போனால் நுனியில் ஒற்றை இழைகள். மரத்தின் எந்த உயரத்திலும் கிளைகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் அடிமரத்தின் பருமன் கிடைக்கும் என்று லியனார்டோ டா வின்சி குறித்து வைத்திருக்கிறார். வயர் மரத்தில் அந்த விதியை யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதே இல்லை. இழைகளின் எண்ணிக்கை மாறாது. அதனால் விதி தானாகவே நிறைவேறிவிடும். பசையும் பொடிமணலும் பூசினால் பட்டை. சாயமேற்றிய நுரைத்தூளைத் தூவினால் இலை, பத்து செ.மீ. மாவிலை இந்த அளவில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

மரத்தின் உயரத்தில் மட்டும் எல்லாரும் கை வைக்கிறார்கள். 25 மீட்டர் மரம் கணக்குப்படி 29 செ.மீ. இருக்க வேண்டும், பெரும்பாலான அமைப்புகளில் 10, 15 செ.மீ.யோடு நின்றுவிடும். உண்மையான உயரத்தில் வைத்தால் ரயில் காணாமல் போய்விடும்.

சரி, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி? ரயில்பாதையின் ஐந்து செ.மீ. கருங்கல் ஜல்லி 87-இல் ஒரு பங்கானால் அரை மில்லிமீட்டர். அதாவது மணல். டீ வடிகட்டியில் சலித்த மணல், அளவில் துல்லியமான ஜல்லி. ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையே அதை மெல்லிய தூரிகையால் ஒதுக்கிவிட்டு ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் பரப்பு இழுவிசை குறுக்கே வந்து நிற்கும். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, இங்க் ஃபில்லரால் ஒரு சொட்டு விட்டால், சொட்டு மணலுக்குள் இறங்காது. உருண்டையாகத் திரண்டு, மணலைத் தன்மேல் வாரிப் போர்த்திக்கொண்டு உருளும். போன இடமெல்லாம் பள்ளம். பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டைக் கலந்துவிட்டால் நிலைமை மாறும். சோப்பு மூலக்கூறுகள் நீர்ப்பரப்பில் வரிசைகட்டி அந்த இழுவிசையைத் தளர்த்துகின்றன. அடுத்த சொட்டு தொட்ட உடனே மணலுக்குள் மறைந்துபோகும். நுண்துளை ஏற்றத்தால் ஈரம் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் பரவுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு மணலும் அசையாது. மறுநாள் பார்த்தால் கல்லாக இறுகியிருக்கும்.

புல்லுக்கு மின்சாரம் உதவுகிறது. நான்கு மில்லிமீட்டர் நைலான் இழைகளைக் கையால் தூவினால் வைக்கோல் சிதறியதுபோல் படுத்துக் கிடக்கும். அதற்காக ஒரு கருவி இருக்கிறது. உலோகச் சல்லடையில் இழைகளைப் போட்டு, சல்லடைக்கும் பசை பூசிய தரைக்கும் இடையே பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். மின்னோட்டம் மிகச் சொற்பம். மின்னேற்றம் பெற்ற இழை மின்புலக் கோட்டின் திசையில் நிமிர்ந்து, நேராகக் கீழே பாய்ந்து பசையில் குத்தி நிற்கும். சல்லடையை மெல்ல ஆட்டிக்கொண்டே நகர்த்தினால், வெற்றுப் பலகையில் முழங்கால் உயரப் புல்வெளி எழுந்து வரும்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் கடினம். ‘உண்மையான தண்ணீரையே விட்டால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். 30 மீட்டர் அருவியில் நீர் கீழே வர இரண்டரை விநாடி ஆகிறது. மாதிரியில் அது 34 செ.மீ.; விழ ஆகும் நேரம் கால் விநாடி. நீளம் 87 மடங்கு சுருங்கினாலும் காலம் சுமார் 9 மடங்குதான் சுருங்குகிறது. அதனால் குட்டி அருவியில் விழும் நிஜத் தண்ணீர் குழாயடித் தண்ணீராகவே தெரியும். ஆற்றிலும் இதே கதை. 1.7 செ.மீ.க்குக் குறைந்த நீளமுள்ள அலைகளைப் பெரும்பாலும் ஆள்வது புவியீர்ப்பு அல்ல, பரப்பு இழுவிசை. மாதிரி ஊரில் 1.7 செ.மீ. என்பது ஒன்றரை மீட்டர். ஒன்றரை மீட்டர் அலை ஒரு சின்னஞ்சிறு நெளிவாக நடந்துகொண்டால் கண் ஏமாறுமா? ஹாம்பர்க் வுண்டர்லாண்டின் ஸ்காண்டிநேவியப் பகுதியில் 30,000 லிட்டர் உண்மைத் தண்ணீரில் கப்பல்கள் போகின்றன. அது துணிச்சலான முயற்சி. வீட்டில் அமைப்பவர்கள் தண்ணீரே இல்லாமல் தண்ணீர் செய்கிறார்கள். ஆற்றின் ஆழம் வண்ணத்தில் இருக்கிறது: நடுவில் கரும்பச்சை, கரைப்பக்கம் மணல் நிறம். அதன்மேல் எப்பாக்ஸி பிசினைச் சில மில்லிமீட்டர் அடுக்குகளாக ஊற்றுகிறார்கள். ஒரேயடியாக ஊற்றினால் இறுகும்போது எழும் சூட்டில் விரிசல் விடும். அருவிக்குச் சிலிக்கான் பசையை பிளாஸ்டிக் தாளில் இழை இழையாக இழுத்துக் காயவைத்து, உரித்துத் தொங்கவிட்டு, விளிம்பில் வெள்ளை வண்ணத்தை ஒற்றி எடுக்கிறார்கள். அசையாத அந்த அருவிதான் அசைவதாகத் தெரிகிறது.

வீடுகளுக்கு வருவோம். மாதிரி ஊருக்கு மேலே அறுபது செ.மீ. உயரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கிறோம் என்றால், அந்த ஊர்க் கணக்கில் நாம் 52 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். முதலில் கண்ணில் படுவது கூரைதான். ஆகவே தேர்ந்தவர்கள் உழைப்பில் பாதியைக் கூரையில் போடுகிறார்கள்: மாற்றிய ஓடுகளின் நிற வேறுபாடு, புகைபோக்கியைச் சுற்றிய கரி, மழைநீர் வடிந்த கறை. அடுத்தது சுவரின் கனம். ஓர் அடிச் சுவர் மூன்றரை மில்லிமீட்டர். ஜன்னல் அவ்வளவு ஆழத்தில் உள்வாங்கியிருந்தால்தான் அதில் நிழல் விழும், வீடு வீடாகும். உள்ளே விளக்கு வைப்பவர்கள் பிளாஸ்டிக் சுவரின் உட்புறத்தில் கறுப்பு அடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் ஜன்னலோடு சேர்ந்து சுவரே ஒளிரும். நூறு மீட்டர் ஆலைக்கு இடமில்லாதபோது முப்பது ஜன்னல்களைப் பன்னிரண்டாக்கலாம். ஜன்னலின் அளவையும் கதவின் அளவையும் மட்டும் தொடக்கூடாது. பக்கத்தில் 2 செ.மீ. மனிதர் நின்றுகொண்டிருக்கிறார்.

மாதிரி ரயில்களில் இத்தனை சுரங்கப்பாதைகள் ஏன் என்று பலரும் கேட்பதுண்டு. வீட்டில் போடும் வளைவின் ஆரம் 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நிஜத்தில் அது 39 மீட்டர். எந்த எக்ஸ்பிரஸ் ரயிலும் அந்த வளைவில் திரும்ப முடியாது. குன்று அங்கே இருப்பது அந்தப் பொய்யை மறைக்கத்தான்.

வெளிச்சத்தில் இன்னும் நுட்பமான வேலை இருக்கிறது. நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அறை விளக்கு சில நூறு லக்ஸ். நிஜ என்ஜினின் நிறத்தையே அப்படியே அடித்தால் அறையில் அது இருண்டு தெரியும். கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ கலந்தால்தான் சரியாக வரும். இந்த நுட்பங்களை முன்னெடுத்தவர்களில் தலையாயவர் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த ஜான் ஆலன். தொழிலால் புகைப்படக்காரர். எல்லாரும் புத்தம்புதுப் பளபளப்பை விரும்பிய காலத்தில் என்ஜின்களுக்குத் துருவும் கரியும் பூசினார்; கண்ணாடிகளை மறைத்து வைத்துத் தெருக்களை நீட்டினார்; தரையிலிருந்து கூரை வரை மலைகளை எழுப்பினார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே அவருடைய ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ ரயில் அமைப்பு தீயில் அழிந்தது. இன்று நாம் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் அவர் எடுத்த படங்கள்தான்.

இந்தக் கலை பொழுதுபோக்கைத் தாண்டிப் போன இடம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் வந்த ராய் இங்லண்ட் என்பவர், கிராமத்துப் பழைய வீடுகள் கண்முன்னே உருமாறுவதைப் பார்த்து, அவற்றை அளந்து மாதிரியாகக் கட்டத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் லாங் விட்டனம் ஊரில் 1954-இல் உருவான பெண்டன் அருங்காட்சியகம். அங்கே அளவு 1:76. சுவர் அட்டை; வண்ணம் நீர்வண்ணம்; வேய்ந்த கூரைக்குக் குழாய் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் சணல்நார். 1920-30களின் ஒரு பள்ளத்தாக்கு, தோட்டத்துப் பூக்கள் உட்பட, அங்கே பத்திரமாக இருக்கிறது.

நமக்கும் அப்படி ஒரு வேலை காத்திருக்கிறது. நீலகிரி மலைப்பாதையைத் தவிரத் தமிழ்நாட்டின் மீட்டர்கேஜ் பாதைகள் அகலப்பாதைகளாகிவிட்டன. அவற்றோடு சின்னச் சின்ன நிலையக் கட்டடங்களும் மறைந்துகொண்டிருக்கின்றன. மீட்டர்கேஜை 1:87-இல் சுருக்கினால் பதினொன்றரை மி.மீ.; 12 மி.மீ. மாதிரித் தண்டவாளம் ஏற்கெனவே கிடைக்கிறது. உங்கள் ஊரில் பழைய நிலையம் ஒன்று இன்னும் நின்றால், அனுமதி வாங்கிக்கொண்டு நாலு பக்கமும் நேராக நின்று படமெடுங்கள். ஒவ்வொரு படத்திலும் சுவரில் ஓர் அளவுகோல் சாய்ந்திருக்கட்டும். கதவின் உயரத்தையும் ஜன்னலின் அகலத்தையும் எழுதிவையுங்கள். பூச்சு உதிர்ந்த இடம் இருந்தால் ஒரு செங்கலின் உயரத்தைக் காரையோடு சேர்த்து அளந்துவிடுங்கள். அது தெரிந்துவிட்டால், வரிசைகளை எண்ணியே முழுச் சுவரின் உயரத்தையும் கணக்கிட்டுவிடலாம்.