காய்ச்சல் விட்டதும் கோர்ட்டுக்கு ஓடலாமா?

போன மாசம் எனக்கு ஃப்ளூ. அஞ்சாவது நாள் காய்ச்சல் விட்டுச்சு. ஃபிட்னஸ் ஆப்ல 40 நாள் ஸ்ட்ரீக் உடையக்கூடாதேன்னு நேரா ஷட்டில் ஆடப் போயிட்டேன். ரெண்டாவது கேம்லயே நெஞ்சு படபடன்னு அடிச்சுது. உட்கார்ந்த பிறகும் அடங்கல. நல்லவேளை, டெஸ்ட் எல்லாம் நார்மல். ஆனா டாக்டர் விட்ட டோஸ் சாதாரணமில்ல. அவர் சொன்ன விஷயம்தான் இன்னைக்கு எபிசோடு: மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி.

ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு அல்ஃபோன்சோ டேவிஸைத் தெரிஞ்சிருக்கும். பேயர்ன் மியூனிக்கின் மின்னல் வேக டிஃபெண்டர். 2022 ஜனவரியில் அவருக்குக் கோவிட் வந்தது. அதுக்கப்புறம் பரிசோதிச்சப்போ இதயத் தசையில் லேசான அழற்சி. அப்போ வயசு 21தான். லேசானதுன்னாலும் ஏப்ரல் வரைக்கும் அவர் மேட்ச் ஆடல.

உள்ளே என்ன நடக்குது? ஃப்ளூ, கோவிட், அடினோவைரஸ் எல்லாம் சில சமயம் மூச்சுக்குழாயோட நிற்காது. வைரஸே இதயத் தசையைத் தாக்கலாம். இல்லைன்னா, அதை விரட்ட வந்த நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே தசையையும் சேர்த்து அடிக்கலாம். நம்ம வேலையில சொன்னா, ஒரு பக்கை ஃபிக்ஸ் பண்ணப் போய் ப்ரொடக்‌ஷனையே உடைக்கிற கதை. தசை வீங்கினா பம்பிங் குறையும். மின்சார சிக்னல் தடுமாறினா துடிப்பு தாறுமாறாகும். அந்த நேரத்துல ஓடினா, வெயிட் தூக்கினா, இதயம் திடீர்னு நின்னுபோகவும் வாய்ப்பு இருக்கு.

இது அரிதுதான். வந்தாலும் பெரும்பாலானவங்க குணமாகிடறாங்க. ஆனா காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு வலி, படபடப்பு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கறது, மயக்கம் இதுல எது வந்தாலும் 'கேஸ்'னு சொல்லி சோடா குடிச்சுட்டுத் தூங்காதீங்க. அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. ஈசிஜி எடுப்பாங்க. ட்ரோபோனின்னு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கசியற புரதம் அது. தேவைப்பட்டா எக்கோ, எம்ஆர்ஐ. நோய் உறுதியானா, வழக்கமா 3 முதல் 6 மாசம் கடுமையான உடற்பயிற்சி கிடையாது. இங்கே ஓய்வும் ஒரு மருந்துதான்.

அறிகுறியே இல்லைன்னாலும் காய்ச்சலோட ஆடாதீங்க. விட்ட பிறகும் மெதுவா ஆரம்பிங்க.

என் ஸ்ட்ரீக்? இப்போ பூஜ்யம். பரவாயில்ல, திரும்ப எண்ணிக்கலாம்.